கப்பல் கிளம்பும் நேரத்தில் அக்கா

கப்பல் சுற்றுலா போய்வந்ததிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு உத்தியோகம் சேர்ந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள், கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருக்காரர்கள், கணவரின் சிநேகிதர்கள் என்று யாராவது போன் செய்து, முதல் தடவையாகப் போகிறோம், எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று கேட்கிறார்கள். நானும் பாடம் நடத்துகிற பழக்கத்தில் மூச்சுவிடாமல் சொல்கிறேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து அறை கேளுங்கள், ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. வாந்தி மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் மருந்தும் மாற்றுத்துணியும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி வேண்டாம். போனை விமான முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் பேசியதற்கு வீட்டுக்கு வந்து பில் கட்டி அழுவீர்கள்.

இதையெல்லாம் சொல்லிப் போனை வைத்த பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்று கொஞ்ச நேரம் என்னோடு இருக்கும். அதை யாருக்கும் யோசனையாகச் சொல்ல முடியாது. அது என் அக்காவைப் பற்றியது.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தலையில் பாதி வெள்ளை. ஆனாலும் அக்காவுக்கு நான் பாப்பாதான். கல்யாணமாகிச் சிதம்பரம் போனவள் அங்கேயே வேர்பிடித்துவிட்டாள். மாமா, அதாவது அவள் கணவர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார். அக்கா அழுதாள், மெலிந்தாள், பிறகு மெல்லத் தேறி, டிவி பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தாள். கலர் புடவை கட்டாதே என்றோ பொட்டு வைக்காதே என்றோ அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆனால் ஒன்று மட்டும் தானாக வந்து அவளிடம் ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்து யாராவது ஒரு காரியமாகக் கிளம்பினால் அக்கா எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். மகன் வேலைக்குக் கிளம்பினாலும் சரி, மருமகள் நகைக்கடைக்குக் கிளம்பினாலும் சரி, வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் முன்னறைக்கு வருவாள். கணவனை இழந்தவள் எதிரில் வந்தால் போகிற காரியம் விளங்காது என்கிற ஊர்ப்பேச்சு அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. உள்ளே போ என்று அவளை யாரும் சொன்னதில்லை. மருமகள் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அதேசமயம் ஏன் உள்ளே போகிறாய் என்றும் ஒருத்தர் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

என் மகளுக்கு வரன் அமைந்து, திட்டக்குடியில் மாப்பிள்ளை வீடு பார்க்க வேனில் கிளம்பினோம். முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, விடிவதற்கு முன்பே எழுந்து அத்தனை பேருக்கும் பூக்கட்டி, தட்டில் பழம் அடுக்கி, என் புடவை மடிப்பைத் தரையில் உட்கார்ந்து இழுத்துச் சரிசெய்தது அக்காதான். எல்லாரும் வேனில் ஏறியாயிற்று, அவளைக் காணோம். குளியலறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினால், வயிறு சரியில்லை, நீங்கள் போங்கள் என்று குரல் மட்டும் வந்தது. நேரமாகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்த, வேன் கிளம்பிவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் சீக்கிரம் போகாது. திட்டக்குடி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கப் போகிறவள் இப்படி உம்மென்று இருக்கிறாளே என்று அங்கே நினைத்திருப்பார்கள்.

அந்த மகள்தான் கல்யாணத்துக்கு அப்புறம் எங்களுக்குப் பரிசாகக் கப்பல் பயணம் பதிவு செய்தாள். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்புகிற கப்பல். என் கணவர் அதன் படத்தைப் பார்த்தே வெளிறிப்போனார். பிச்சாவரத்தில் ஒருமுறை சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனோம். தண்ணீர் அசையவே இல்லை, இவர் மட்டும்தான் ஆடினார். கரைக்கு வருவதற்குள் குடலே வெளியில் வந்துவிடும்போல் ஆகிவிட்டது. நீ உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போ, நான் வீட்டில் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பயணத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போது எல்லாரும் மேல்தளத்துக்கு வந்துவிடுவார்கள், கப்பல் சங்கு ஊதும், கரையைப் பார்த்துக் கையசைப்பார்கள், முழுப் பயணத்திலும் அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள் என்று போய்வந்தவர்கள் எழுதியிருந்தார்கள். படித்த உடனே முடிவு செய்துவிட்டேன். ஊர்ப்பட்ட ஜனம் ஒன்றாகக் கிளம்புகிற அந்த நேரத்தில் என் அக்கா முன்னால் நிற்க வேண்டும், எந்தக் கதவுக்குப் பின்னாலும் அல்ல. கடல், இலங்கை, சாப்பாடு எல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

அக்கா ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். மகன் எப்போதோ மலேசியா கூட்டிப்போவதாகச் சொல்லி மாமாவுக்கும் அவளுக்கும் எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் விழாமல் பீரோவில் கிடந்தது. அது வீணாகப் போவானேன் என்றாள், அவ்வளவுதான். கிளம்புகிற அன்று நான் கடலூரிலிருந்து காரில் சிதம்பரம் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். கார் நகர்ந்ததும் பக்கத்து வீட்டு அம்மா பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக, குடம் நிறையத் தண்ணீரோடு எங்களுக்கு எதிரில் நடந்து வந்தார். தெருவில் எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறது, இந்த வெயிலில் இந்த அம்மா பட்டுப்புடவையில் எங்கே தண்ணீர் எடுக்கப் போனார் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் பயணத்துக்குத் தன்னால் வரக்கூடிய கெடுதலை ஈடுகட்ட, அவளே முந்தின நாள் போய்ச் சொல்லி ஏற்பாடு செய்த சகுனம் அது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் பெட்டியைக் கேட்டபோது அக்கா கைப்பிடியை விடவில்லை. யார் எவர் என்று தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது என்று என்னிடம் ரகசியமாகச் சண்டை போட்டாள். பெட்டிக்குள் அவள் ஒளித்துவைத்திருந்த மின்சாரக் கெட்டிலைச் சோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வெந்நீர் இல்லாமல் எப்படி மாத்திரை போடுவது என்று அதற்கும் சண்டை. உள்ளே போனால் எந்நேரமும் வெந்நீர் கிடைத்தது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாரையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தபோது, மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க அக்கா மட்டும் அவ்வளவு கவனமாகக் கேட்டாள்.

அது முடிந்து மேல்தளத்துக்குப் படியேறும்போது, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன், நீ போய் இடம் பிடி என்றாள். நான் ஏமாந்தேன். கம்பியருகே இரண்டு பேருக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதியது, வயிற்றுக்குள் அதிர்ந்தது. கப்பல் நகர்ந்ததே தெரியவில்லை, சென்னைதான் எங்களை விட்டு மெதுவாக எழுந்து போவதுபோல் இருந்தது. பாட்டுப் போட்டார்கள், குழந்தைகள் குதித்தன. என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

அறைக்குப் போனேன். திரையை இழுத்து மூடிவிட்டு அக்கா கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பிடுச்சா?"

"கெளம்பிடுச்சி."

"நல்லபடியா?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கப்பலுக்குள்ளேயே இருக்கிறவள் கப்பலுக்கு எப்படி எதிரில் வர முடியும் என்று கத்தினேன். உன்னை ரூமில் பூட்டிவைக்கவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன் என்றேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "இவ்ளோ பேரு போறாங்க. சின்னச்சின்னக் கொழந்தைங்க இருக்கு. நமக்கு எதுக்கு பாப்பா" என்றாள். அன்று ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டோம்.

மறுநாள் முழுவதும் கடல். கரையே இல்லாத ஒரு நாளை நான் அதுவரை பார்த்ததில்லை. கடலூர்க்காரிக்குக் கடல் புதிதில்லை, ஆனால் எங்கள் கடல் எப்போதும் வந்து வந்து போகிற கடல். இது எங்கும் போகாமல் அப்படியே கிடந்தது. காலையில் வெளிர் பச்சையாக இருந்தது, வெயில் ஏற ஏற நீலமாகி, மத்தியானத்துக்கு மேல் அதற்கு நிறம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. இன்று என்ன கிழமை என்று அக்கா கேட்டாள், எனக்கு உடனே சொல்ல வரவில்லை. கட்டிலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் கப்பலின் எந்திரம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினோம், விழித்தோம், மறுபடி தூங்கினோம். கோபத்தை வைத்துக்கொள்ள அங்கே ஒரு இடமும் இல்லை. நான் அதை எப்போது விட்டேன் என்பதும் எனக்கு ஞாபகமில்லை.

ராத்திரி தூங்கும்போதே நம் ஊரைத் தாண்டியிருப்போம் என்று சொன்னேன். அக்கா மாமாவோடு கடற்கரையில் உட்கார்ந்து தூரத்தில் கப்பல் விளக்குகளைப் பார்த்திருக்கிறாளாம். அதற்குள் இருக்கிறவர்கள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று மாமா கேட்பாராம், இவள் தெரியாது என்பாளாம். "தயிர்சோறு சாப்ட்டு தூங்கறாங்கன்னு இப்ப சொல்லலாம்" என்றாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அறையைச் சுத்தம் செய்தவர் துண்டை முறுக்கி யானை செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பிரிக்க அக்காவுக்கு மனசு வரவில்லை, பயணம் முடியும்வரை முந்தானையில்தான் முகம் துடைத்தாள். சாயங்காலம் மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தாள். காற்றில் அவள் முடி பறந்தது, ஒதுக்கவில்லை. சின்ன வயதில் தாவணியோடு சைக்கிள் ஓட்டிய அந்தப் பெண் எங்கேயும் போய்விடவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் அடுத்த துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பும்போது என்ன செய்வாள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

திருகோணமலையில் இறங்கினோம். இறங்குகிறவர்கள் இத்தனை மணிக்குள் ஏறிவிட வேண்டும், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போகிறவர்களுக்கு நான் இப்போது முக்கியமாகச் சொல்வது அதைத்தான். ஏற வேண்டிய நேரத்தை எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ரொம்ப முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.

குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி இருக்கும் சிவன் கோயிலுக்குப் போனோம். சிதம்பரத்துக்காரிக்கு எந்தச் சிவன் கோயிலும் அவ்வளவு லேசில் பிடித்துவிடாது, ஆனால் அங்கே கீழே அலை மோதுவதைக் கேட்டுக்கொண்டு அக்கா கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள். எங்களைத் துறைமுகத்துக்குத் திருப்பிக் கூட்டிப்போகும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாசலுக்கு வந்தால் அங்கே ஒரு கல்யாணக் கோஷ்டி. தாலி கட்டி முடித்து மாப்பிள்ளையும் பெண்ணும் அலங்கரித்த காரில் ஏறப்போகிறார்கள். பக்கத்தில் என்னோடு வந்த அக்காவைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். மதில் ஓரம் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தாள்.

கூப்பிட்டேன். அவர்கள் போகட்டும் என்று கையைக் காட்டினாள். அவர்கள் போவதாக இல்லை. போட்டோ எடுத்தார்கள். பெண்ணோடு எடுத்தார்கள், மாப்பிள்ளையோடு எடுத்தார்கள், சித்தி சித்தப்பாவைத் தேடிப்பிடித்து வந்து எடுத்தார்கள். பேருந்து தொலைவில் ஹாரன் அடித்தது, நான் ஓடிப்போய்க் கையைக் காட்டிவிட்டு வந்தேன், மறுபடி ஹாரன் அடித்தது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று என் அக்கா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கார் கிளம்பி வளைவில் மறைந்த பிறகு வந்தாள். பேருந்து போயிருந்தது.

ஒரு ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் இறக்கத்தில் ஓட்டிய வேகத்தில் எனக்குக் கப்பலில் வராத வாந்தி அங்கே வந்தது. கப்பல் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. துறைமுக வாசலில் காகிதங்களைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினோம். ஏற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, கிளம்பும் நேரம் இன்னும் வரவில்லை. கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஏறுபாலம் ஒன்றே ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தது, அதனருகே இரண்டு சிப்பந்திகள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

எங்களுக்கும் கப்பலுக்கும் நடுவில் நீளமான வெறும் சிமெண்டுத் தளம். மேலே, அடுக்கடுக்கான எல்லாத் தளங்களிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். கிளம்புகிற நேரமாயிற்றே, எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். தாமதமாக ஓடிவருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டி ஆரவாரம் செய்வது கப்பல் பயணிகளிடம் ஒரு வழக்கமாம், பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்களைக் கண்டதும் யாரோ ஆரம்பித்தார்கள், தளம் தளமாக அது பரவியது.

நான் ஓடினேன். நாலடி ஓடிய பிறகு பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லை. திரும்பினால் அக்கா கிடங்குச் சுவரின் நிழலில் ஒதுங்கி, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். புறப்படத் தயாராக நிற்கும் கப்பல், அதற்கு நேர் எதிரில் அவள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ போ பாப்பா. கப்பல் கெளம்புன அப்பறம் நான் வரேன்."

இதைக் கேட்டும் எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளாக எல்லார் வீட்டு வாசலிலும் அவள் சொல்லாமல் சொல்லிவந்தது இதைத்தான்.

"கெளம்புன அப்பறம் எதுலக்கா வருவ?"

அவள் என்னைப் பார்த்தாள். தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். உதடு கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கப்பலை நிமிர்ந்து பார்த்தாள். கைதட்டல் நிற்கவில்லை. ஒரு சின்னப் பெண்குழந்தை கம்பி இடுக்கில் கையை விட்டு, வா வா என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குத் தட்றாங்க?"

"நீ வரணும்னுதான். ஒன்ன ஏத்திக்காம அது போவாது."

அக்கா சுவரை விட்டு வந்தாள். ஓரமாகப் போகவில்லை, ஓரம் என்று அங்கே ஒன்றும் இல்லை. கப்பலை நேருக்கு நேர் பார்த்தபடி சிமெண்டுத் தளத்தின் நடுவில் நடந்தாள். சிப்பந்திகள் அவசரப்படுத்தினார்கள், அவள் அவசரப்படவில்லை. போர்த்தியிருந்த முந்தானை பாதி வழியில் தோளிலிருந்து நழுவியது, எடுத்துவிடவில்லை. நான் அவளுக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன். எனக்குக் கண் மறைத்தது.

ஏறியதும் அறைக்குப் போகத் திரும்புவாள் என்று நினைத்தேன். படிக்கட்டு எங்கே என்று கேட்டாள். மேல்தளத்தில் கம்பியருகே நின்றவர்கள் நகர்ந்து எங்களுக்கு வழிவிட்டார்கள். சங்கு ஊதியது, கரை மெதுவாக விலகியது. வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர், நீங்கள்தானே அது, கப்பலே உங்களுக்காக நின்றதே என்று சிரித்தார்.

அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கரையில் மிஞ்சி நின்ற ஆட்களைப் பார்த்து ஒரு கையை எடுத்து அசைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நான் எதிர்ல வந்தப்பறந்தான் கெளம்புச்சி."

அந்த அம்மாவுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. நான்தான் அத்தனை பேர் நடுவில் நின்று விக்கி விக்கி அழுதேன்.